சோசரின் வெள்ளை

2025 மே 11, ஞாயிறு

உம்மாவுக்குத் தெரியாமல் இன்றும் கற்களுக்குப் போய் வந்தேன். எட்டு மாத வயிற்றோடு. தெரிந்தால் வீடு இரண்டாகும்.

சாய்ந்தமருதுக் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள். தண்ணீர் இறங்கும் நேரத்தில் அவற்றுக்கு நடுவே குளங்கள் தேங்கி நிற்கும். சிலது ஒரு சட்டி அளவு, சிலது ஒரு பாய் அளவு. அதற்குள் உயிரோடு இருப்பவற்றைத்தான் நான் போனில் படம் எடுக்கிறேன். இப்போது குனிய முடிவதில்லை. கல்லில் குந்திக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறேன்.

இன்று ஓடில்லாத ஒரு நத்தை. பெருவிரல் நகம் அளவு. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு வட்டங்கள். கல்லின் நிழலில் தெளிவாக வரவில்லை. கொண்டுபோன நீலப் பேசினில் கடல்தண்ணீர் எடுத்து, அதற்குள் விட்டு, ஆறு படம் எடுத்தேன். பிறகு அதே குளத்தில், அதே கல்லோரம் விட்டேன்.

வாசலில் உம்மா.

"எங்க போன?"

"சும்மா. நடக்கச் சென்னாங்கதானே கிளினிக்கில."

"நடக்கிற ஆள்ட பாவாடை நனையுமா?"

படங்களை சுல்பிகாவுக்கு அனுப்பினேன். கெம்பஸில் என்னோடு ஒரே பெட்ச். நான் கலியாணம் முடித்து வீட்டில் இருக்கிறேன். அவள் ஆராய்ச்சி செய்கிறாள். இந்தக் கற்கள் வந்த பிறகு எந்தெந்த உயிர்கள் இங்கே குடியேறின என்பதுதான் அவள் தேடுவது. எனக்கு அதில் பெயரும் இல்லை, பதவியும் இல்லை. ஆனாலும் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் எனக்குப் பயம் வருவதில்லை. மற்ற எல்லா நேரமும் வருகிறது. பிள்ளை அசையாவிட்டால் பயம். அசைந்தால், ஏன் இவ்வளவு அசைகிறது என்று பயம்.

மே 13

சுல்பிகாவின் குரல் பதிவு: "மஞ்சள் நத்தையா? இந்தக் கரையிலயா? சந்தோசத்துல கத்திட்டன்கா!"

மஞ்சளா? படத்தைத் திறந்து பார்த்தேன். மஞ்சள்தான். உருக்கிய நெய் மாதிரி. ஆனால் நான் கண்டது வெள்ளை. என் கண் பிழையா, போன் பிழையா?

அவளுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன்.

"எதில வெச்சி எடுத்த?"

"நீலப் பேசின்ல."

"அப்ப அதுதான். படம் முழுக்க நீலமா இரிந்தா போன் பயந்திரும். வெளிச்சமே நீலம் எண்டு நினைக்கும். அத சரிக்கட்ட மஞ்சளை அள்ளிக் கொட்டும். வெள்ளையா கிடக்கிறது பாவம், அதுதான் மாட்டும்."

மஞ்சள் உடம்பு என்றால் ஓர் இனமாம், வெள்ளை உடம்பு என்றால் வேறு இனமாம். கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கரையில் இல்லாத ஓர் உயிர் அவளுடைய பட்டியலில் ஏறியிருக்கும். இனி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு வெள்ளைப் பொருள் வைக்கச் சொன்னாள். அது வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமெல்லாம் உண்மை. அது வெள்ளையாக இல்லாவிட்டால் ஒன்றையும் நம்பக் கூடாது.

மே 18, ஞாயிறு

உம்மாவின் பீங்கான் செட்டில் இருந்து ஒரு சோசர். பெருநாளைக்கு மட்டும் வெளியே வருவது. பையில் மறைத்துக் கொண்டுபோனேன்.

ஏறும் வெயிலில் எடுத்தால் வானம்தான் படமாகிறது. அடியில் இருப்பது இல்லை. குடையை விரித்துப் பிடித்தேன். வானம் விலகியது. உள்ளே இருந்த நிறங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பாசியின் பச்சை. பிறகு கல்லில் பூசினாற்போல ஓர் இளஞ்சிவப்பு — அதுவும் பாசிதானாம், சுண்ணாம்பு போல இறுகிக் கல்லோடு வளர்வது. கடைசியில் நண்டு. நண்டு வரவில்லை, அங்கேயேதான் இருந்திருக்கிறது, பாசியின் பச்சையை அப்படியே உடுத்திக்கொண்டு.

போனில் 'அழகாக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். நண்டு தனியே பிரிந்து பளிச்சென்று தெரிந்தது. பேஸ்புக்கில் போட்டால் நூறு பேர் விரும்புவார்கள். அழித்துவிட்டேன். அது ஒளிந்திருந்த நண்டு. படத்திலும் ஒளிந்துதான் இருக்க வேண்டும்.

ஈரத்தில் மயில் கழுத்து நிறமாக மின்னிய சிப்பி, கையில் காய்ந்ததும் சாம்பல். நிறம் எங்கே இருக்கிறது? சிப்பியிலா, தண்ணீரிலா?

கொப்பியில் எழுதி வைத்தேன்:
படம் 14. நேரம் 9.40. குடை நிழல். வெள்ளை: சரி.

சோசரை உம்மா கண்டுபிடித்துவிட்டா. "என்ட சோசர்ல கடல் பூச்சியா? இனி இதில ஆர் தேத்தண்ணி குடிக்கிற?" எனக்கே தந்துவிட்டா. தந்தது என்றும் சொல்லலாம், ஒதுக்கியது என்றும் சொல்லலாம்.

மே 26

கால் வீக்கம். போகவில்லை. இனிப் போகவும் முடியாது.

ஜூன் 16

சனிக்கிழமை விடிய மகள். இரண்டு கிலோ எண்ணூறு. அழுதாள். நானும்.

ஜூன் 20, வெள்ளி

ஏழாம் நாள். முடி இறக்கி, பெயர் வைத்தோம். நிஹ்லா.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதை. "நல்ல நிறம்." "என்ன நிறம் மாஷா அல்லாஹ், பொன்னுருக்கி வெச்சாப்போல." பிள்ளையின் வாப்பா இன்ஸாப் கறுப்பு. நான் மாநிறம். உம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணூறு படாமல் கன்னத்தில் பெரிய மைப் பொட்டு வைத்துவிட்டா.

எனக்கு மூத்த ராத்தா படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டாள், முகத்தை வெளுப்பாக்கும் ஏதோ ஒன்றைப் பூசி. படத்தில் இருந்த பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மைப் பொட்டு மட்டும்தான் எங்கள் பொட்டு.

எனக்கு நாற்பது தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் வாசல் தாண்டக் கூடாது. யன்னலுக்குத் தடித்த திரை. சரக்குக் கறி, மஞ்சள் குளிப்பு. தொழுகையும் இல்லை, துஆ மட்டும்.

ஜூன் 27

மிட்வைஃப் மிஸ் வந்தார். காரைதீவில் இருந்து ஸ்கூட்டியில் வருபவர். நிறுத்துப் பார்த்தார், தொப்புள் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்துகொண்டு கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் வெளிக்குப் போறா?"

"நாலஞ்சி தரம் மிஸ்," என்றேன்.

"நிறம் எப்பிடி?"

நான் வாய் திறக்கமுன் உம்மா: "நல்ல நிறம் மிஸ்! வாப்பாவக் கொண்டு பிறக்கல்ல, அல்லாட காவல்."

ராத்தா விழுந்து சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்துவிட்டார். "நான் அதைக் கேக்கல்ல உம்மா" என்று தொடங்கினார். அதற்குள் என் மாமி வாசலில் கூப்பிட, தேத்தண்ணி வர, கதை வேறு பக்கம் போனது. நானும் சிரித்தேன்.

போகும்போது பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார். "மஞ்சள் கொஞ்சம் இருக்கு. காலை வெயில் காட்டுங்க. ஒரு கிழமையில போகாட்டி கட்டாயம் கிளினிக்குக்குக் கொண்டு வாங்க."

ஜூலை 3, வியாழன்

ஒரு கிழமை ஆகிவிட்டது. மஞ்சள் போகவில்லை. கண்ணின் வெள்ளையில் இருக்கிறதா, திரையின் நிழலா? திரையை விலக்கினால் உம்மா வந்து மூடுகிறா. மூத்திரம் படும் துணியில் கறை விழுகிறது. "தாய்க்குத் தண்ணி காணாது" என்கிறா உம்மா.

வெளிக்குப் போன துணியில் இருப்பது வெளிறித் தெரிகிறது. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

கிளினிக்குக்குப் போகலாம் என்றேன்.

"இருவது நாள் கூட முடியல்ல. காத்துக் கறுப்புப் பட்டுரும். நாப்பது முடியட்டும், நானே கொண்டு போறன்."

"மிஸ் சென்னாங்கதானே உம்மா."

"மிஸ் சென்னா! ஒன்னையும் ஒண்ட ராத்தாவையும் மிஸ்ஸா வளத்த? ஒனக்கு எல்லாத்துக்கும் பயம். வகுத்துக்குள்ள இரிக்கக்குள்ளயும் பயந்த, இப்ப வெளிய வந்தும் பயம்."

அது உண்மைதானே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினேன்.

கடைசியில் ராத்தா ஒரு வழி சொன்னாள். மாமாவின் மகன் அக்ரம் மச்சான் டொக்டர், குருநாகல் பக்கம் வேலை. "துணியப் படம் எடுத்து அனுப்புகா. அவர் பார்த்துச் செல்லட்டும்." உம்மாவும் ஓம் என்றா. துணி மாற்றும்போது, கட்டிலில் விரித்திருக்கும் நீல றப்பர் சீட்டில் வைத்தபடியே எடுத்து அனுப்பினேன்.

ஜூலை 4

அக்ரம் மச்சான்: "படத்தில நல்ல மஞ்சளாத்தான் இரிக்கி. வெளிறி இரிந்தாத்தான் யோசிக்கணும். தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்குக் கொஞ்ச நாள் கண் மஞ்சளா இரிக்கும். நாப்பது முடிஞ்சி ஒருக்காக் காட்டுங்க."

அல்ஹம்துலில்லாஹ். இன்று ஒரு பீங்கான் நிறையச் சோறு தின்றேன்.

நானும் படத்தைப் பார்த்தேன். மஞ்சள்தான். அறை இருட்டில் கண் பிழைக்கிறது. படம்தான் சரி. அப்படித்தானே?

ஜூலை 8

நிஹ்லா தூங்கும் நேரங்களில் மே மாதப் படங்களைச் சரிக்கட்டுகிறேன். சோசரைத் தொட்டு 'இது வெள்ளை' என்று போனுக்குச் சொன்னால், குளம் முழுவதும் ஒரு நொடியில் மாறுகிறது. சாம்பலாகக் கிடந்த பாசிக்குள் இருந்து ஒரு சிவப்பு எழும்பி வருகிறது. அது எடுக்கும்போதும் அங்கேதான் இருந்தது. சொல்ல ஆளில்லாமல் இருந்தது.

இன்ஸாப் எட்டிப் பார்த்தார். அவர் சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில் கலர் சோட்டர் மெசின் பார்ப்பவர். ஓடி விழும் அரிசியைக் கமரா பார்க்கும். கறுத்தது, பழுப்படித்தது எல்லாவற்றையும் காற்றால் ஊதித் தள்ளும்.

"எங்கடயிலயும் இதுதான்," என்றார். "காலையில முதல் வேல வெள்ளைப் பலகையத் துடைக்கிற. அதில தூசி இரிந்தா மெசினுக்குப் பைத்தியம். நல்லரிசியத் துப்பும், பழுத விழுங்கும்."

"அப்ப உங்கட மெசினுக்கும் ஒரு சோசர்."

"ஓம். ஆனா எங்கட சோசர உம்மா தேடி வாறல்ல."

நிறைய நாளைக்குப் பிறகு சிரித்தேன். பிள்ளைக்கு நிறை கூடவில்லை.

ஜூலை 12, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சுல்பிகா கேட்டாள், அந்த நீலப் பேசின் படம் இருக்கிறதா என்று. முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பிழையான படம் எப்படி இருக்கும் என்று காட்டவாம். போனில் தேடினேன். படங்கள் ஓடின. நீலச் சதுரம் ஒன்று, நடுவில் மஞ்சளாக ஏதோ. இதுதான் என்று திறந்தேன்.

பேசின் இல்லை.

றப்பர் சீட். நிஹ்லாவின் துணி.

அதே நீலம். அதே மஞ்சள். அதே உருக்கிய நெய்.

யா அல்லாஹ். நான் என்ன செய்தேன்? ஒரு நத்தைக்கு வெள்ளை வைக்கத் தெரிந்த எனக்கு — என் பிள்ளைக்கு வைக்கத் தெரியவில்லையா? கன்னத்தில் கறுப்பு வைத்தோம். வெள்ளை வைக்கவில்லை.

அடுத்த துணிக்குக் காத்திருந்தேன். அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன் கிடைத்தது. எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். வாசல் தாண்டினேன். முற்றத்து நிழலில், பழைய வெள்ளைச் சீலைத் துண்டின் மேல் துணி, பக்கத்தில் சோசர்.

உம்மா ஓடி வந்தா. "பீத்துணிக்குப் பக்கத்தில சோசரா! ஒனக்கென்ன புள்ள, மூளை கலங்கிட்டா?"

"பாருங்க உம்மா. ரெண்டையும் பாருங்க."

உம்மா பார்த்தா. குனிந்து திரும்பவும் பார்த்தா.

அரிசி மாவை ஊறவைத்துப் பிழிந்தால் வருமே, அந்த நிறம். சோசருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அக்ரம் மச்சானுக்கு அனுப்பினேன். எழுதவில்லை, கோல் எடுத்தார். "சிபானா, இது எப்ப எடுத்த?"

"இப்ப."

"அப்ப மற்றப் படம்?"

சொன்னேன். நீலச் சீட், போன், மஞ்சள்.

"நான் ஒரு படத்தப் பார்த்துப் பதில் சென்னது பிழை," என்றார்.

"அனுப்பினது நான் மச்சான்."

"அத மறுகா கதைப்பம். இப்பவே கல்முனைக்குக் கொண்டு போ. நாளைக்கி எண்டு இரிக்காத. பித்தம் குடலுக்கு வராட்டித்தான் இந்த நிறம். அடைப்பு எண்டா ஒவ்வொரு நாளும் கணக்கு."

இன்ஸாப் மில்லில் இருந்து வந்தார். இரண்டு படத்தையும் காட்டினேன். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவர் சோசரைத்தான் முதலில் பார்த்தார். பிறகு துணியை. போய் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

உம்மா பையில் துணிகள் அடுக்கினா. நாற்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியாக சோசரைக் கழுவித் துடைத்து, துவாயில் சுற்றி, உள்ளே வைத்தா. "கண்ணாடி மாதிரி, கவனம்," என்றா. யாரைச் சொன்னா என்று தெரியவில்லை.

ஓட்டோவுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அந்த மூன்றாம் திகதி நான் துணியைக் கண்ணால் பார்த்தேன். வெளிறித்தான் தெரிந்தது. கண்ணை விட்டுப் படத்தை நம்பினேன். ஏன்? படம் எனக்கு வேண்டியதைச் சொன்னது.

ஜூலை 15

கல்முனை ஆஸ்பத்திரி. இரத்தம், ஸ்கேன், திரும்ப இரத்தம். வார்டுக்கு வந்த பெரிய டொக்டரிடம் கொப்பியைக் காட்டினேன் — நான்கு நாள், பதினொரு துணி, ஒவ்வொன்றுக்கும் படம். யன்னல் வெளிச்சம், சோசர், நேரம். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை?"

"வீட்டிலதான் சேர்."

"இதெங்க பழகினீங்க?"

கற்குளத்தில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நாளைக்குக் கொழும்புக்கு. அம்புலன்ஸில்.

ஜூலை 19, கொழும்பு

ஈரலில் இருந்து பித்தம் இறங்கி வரும் குழாய் நிஹ்லாவுக்கு அடைபட்டிருக்கிறது. பித்தம்தான் மலத்துக்கு நிறம் கொடுப்பதாம். வழி இல்லை, அதனால் நிறம் அங்கே போகவில்லை. கண்ணுக்கும் தோலுக்கும் வந்துவிட்டது. எல்லாரும் பொன் என்றது அதைத்தான்.

அடைப்பை வெட்டி எடுத்து, குடலையே மேலே இழுத்து ஈரலோடு தைப்பார்கள். அறுபது நாளுக்குள் செய்தால் நல்லது, முந்தினால் இன்னும் நல்லது. இன்று முப்பத்தைந்து. செய்தாலும் பித்தம் ஓடும் என்று நிச்சயமில்லை. ஓடாவிட்டால் —

எழுதமாட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இன்று நாற்பது.

காலை ஏழரைக்கு நிஹ்லாவை உள்ளே எடுத்தார்கள். மைப் பொட்டை ஒரு தாதி ஈரப் பஞ்சால் துடைத்தார். அழியவில்லை. இரண்டாம் தரம் துடைத்தார்.

நான் குளித்துவிட்டு வந்தேன். நாற்பது நாளைக்குப் பிறகு முதல் தொழுகை, தாய்மார் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில். ஸுஜூதில் இருந்து எழும்ப மனமில்லை.

ஐந்து மணித்தியாலம். இன்ஸாப் நடைபாதையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளை ஓடும் சாம்பல் ஓடும்.

"செய்திட்டம்," என்றார் டொக்டர். "இனி நிறம் வருதா எண்டு பார்க்க வேணும்."

ஜூலை 30

ஒப்பரேசனுக்குப் பிறகு படம் 9. யன்னல் வெளிச்சம். வெள்ளை: சரி. நிறம்: இல்லை.

ஆகஸ்ட் 1

வெள்ளை: சரி. நிறம்: இல்லை.

ஆகஸ்ட் 4

பக்கத்துக் கட்டில் தாய் எட்டிப் பார்த்து, "மஞ்சள் வந்திட்டு, மஞ்சள் வந்திட்டு" என்றார். பாய்ந்து எழும்பினேன். ஆனால் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது. தலைக்கு மேல் மின்குமிழ். துணியைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்குப் போய் சோசரை வைத்தேன்.

இல்லை.

பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு நல்ல மனது வேண்டாம். நிறம் வேண்டும்.

மே மாதத்துக் குளங்கள் ஞாபகம் வருகின்றன. எத்தனை நிறம். ஒன்றையுமே கேட்காமல் கிடைத்த நிறம்.

ஆகஸ்ட் 5

இன்றும் இல்லை. இன்ஸாப் மில்லுக்குத் திரும்ப வேண்டும். போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஒன்பது பத்து. யன்னல். துணி, சோசர்.

இரண்டும் ஒன்றில்லை.

கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். படம் எடுத்தேன். சோசரைத் தொட்டு வெள்ளையைச் சரிக்கட்டினேன். மாறவில்லை. சோசரை இடப்பக்கம் மாற்றி வைத்து எடுத்தேன். இன்ஸாப்பின் போனிலும் எடுத்தேன். டொக்டர் வந்தார், படத்தைப் பார்க்கவே இல்லை, துணியைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். ஒரு தரம் மணியடிக்கமுன் தூக்கிவிட்டா. ஸலாம் கூடச் சொல்லவில்லை.

"என்ன நிறம்?"

"மஞ்சள் உம்மா. கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சள்."

உம்மா, மிகவும் மெதுவாக:

"நல்ல நிறம் புள்ள. நல்ல நிறம்."

2026 ஏப்ரல் 19, ஞாயிறு

கடல் அடங்கிவிட்டது. மழைக்காலம் முழுவதும் கற்களுக்கு மேலால் அடித்துக்கொண்டிருந்தது. இன்றுதான் குளங்கள் தெரிந்தன. நாங்கள் மூன்று பேரும் போனோம். உம்மா வரவில்லை. சுனாமி வந்த வருடத்துக்குப் பிறகு அவ கடல் பக்கம் வருவதில்லை. சோசரை மட்டும் துவாயில் சுற்றித் தந்தா.

சில கற்கள் இடம் மாறியிருந்தன. நத்தை இருந்த குளம் மணலாகிவிட்டது. பக்கத்துக் கல்லில் இளஞ்சிவப்பு இன்னும் இருக்கிறது. நண்டு இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

நிஹ்லாவுக்குப் பத்து மாதம். வயிற்றின் குறுக்கே தழும்பு, நிறை இன்னும் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கொழும்பு. அடுத்தது மே ஆறாம் திகதி. பிறகு ஒரு காலத்தில் வேறு ஈரல் தேவைப்படலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இப்போது இல்லை என்றும் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். எனக்குப் பயம் போகவில்லை. உம்மா இப்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

சோசரைக் குளத்தின் ஓரம் வைத்தேன். இன்ஸாப் குடை பிடித்தார். நிஹ்லா அவர் மடியில் இருந்து சரிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, சோசரை இழுத்துக் கடித்தாள்.

"இன்ஸாப், எடுங்க, அத எடுங்க, கல்லில அடிச்சிருவா."

"நீ படத்த எடு," என்றார். "நான் புடிச்சிருக்கன்."

சுல்பிகாவுக்குத் தவறுதலாக மற்றவற்றோடு அந்தப் படமும் போய்விட்டது. "இது என்ன இனம்கா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

படத்தில் நிஹ்லா கமராவை நேரே பார்த்தபடி இருக்கிறாள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். கண்ணின் வெள்ளையையும், அதற்குக் கீழே வாயில் இருந்த சோசரையும் மாறி மாறிப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

படம் 231. நேரம் 8.20. குடை நிழல்.
வெள்ளை: சரி. இரண்டும்.